ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டுப் பிரிட்டன் விலகிய பிறகு சரக்குக்கு என்ன வழி, ஆளுக்கு என்ன வழி? – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

லண்டனில் சரக்கு அனுப்பும் அலுவலகம் ஒன்றில் சுங்கத் தாள்களை நிரப்புவது என் பிழைப்பு. 2016 ஜூன் 23 அன்று நடந்த வாக்கெடுப்பில் 51.9 சதவீதம் பேர் ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு விலகலாம் என்றார்கள். 2020 ஜனவரி 31 இரவு பதினொரு மணிக்குப் பிரிட்டன் வெளியேறியது. இந்த விலகலைத்தான் பிரெக்ஸிட் என்கிறார்கள். பழைய விதிகளே தொடர்ந்த இடைக்காலமும் அந்த ஆண்டு டிசம்பர் 31 உடன் முடிந்தது. அதுவரை லண்டனிலிருந்து பாரிஸுக்குச் சரக்கு அனுப்புவது சென்னையிலிருந்து மதுரைக்கு அனுப்புகிற மாதிரிதான்: பில்லைப் போடு, லாரியில் ஏற்று, மறந்துவிடு. மறுநாள் காலையிலிருந்து எங்கள் தொழிலுக்கு யோகம் அடித்தது. ஊராருக்கு வந்த தொல்லையில் சம்பளம் வாங்குகிறவன் நான் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கடைக்காரர்களும் உறவினர்களும் கோயிலில் பார்க்கிறவர்களும் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளை இங்கே எழுதி வைக்கிறேன்.

வரியே இல்லை என்று ஒப்பந்தம் போட்டார்களே, பிறகு ஏன் லாரியை நிறுத்துகிறார்கள்?

2020 டிசம்பர் 24 அன்று முடிவான வர்த்தக, ஒத்துழைப்பு ஒப்பந்தத்தில் சுங்க வரியும் இல்லை, அளவுக் கட்டுப்பாடும் இல்லை. இது உண்மை. ஆனால் வரி இல்லை என்பதை யாராவது சோதித்துத்தானே சொல்ல வேண்டும்? இந்தப் பொருள் எங்கே செய்தது, என்ன மதிப்பு, எந்த எண்ணின் கீழ் வருகிறது, உணவுப்பொருள் என்றால் கால்நடை மருத்துவர் கையெழுத்து இருக்கிறதா என்று கேட்பதற்கு ஓர் எல்லை வேண்டும், அதிகாரி வேண்டும், தாள் வேண்டும். வரி சுழியமாக இருந்தாலும் தாள் அதே தாள்தான்.

2021 ஜனவரியில் நெதர்லாந்துத் தொலைக்காட்சியில் ஒரு காட்சி வந்தது. பிரிட்டனிலிருந்து கப்பலில் வந்திறங்கிய லாரி ஓட்டுநர் ஒருவரின் ஹாம் சாண்ட்விச்சைச் சுங்க அதிகாரி பறிமுதல் செய்கிறார். இறைச்சியை மட்டும் எடுத்துக்கொண்டு ரொட்டியை விட்டுவிடக் கூடாதா என்று ஓட்டுநர் கேட்கிறார். முடியாது, பிரெக்ஸிட்டுக்கு நல்வரவு என்கிறார் அதிகாரி. பலர் சிரித்தார்கள். என் வயிற்றில் புளியைக் கரைத்தது, ஏனென்றால் அதே விதி என் மேசையில் டன் கணக்கில் கிடந்தது.

பிப்ரவரியில் அது என் தலையிலேயே விடிந்தது. ஒரு கடைக்காரருக்காக நாற்பது பெட்டிகள் அடங்கிய மரத்தட்டு ஒன்றை அனுப்பினேன்: மிளகாய்த் தூள், அப்பளம், ஊறுகாய், எவர்சில்வர் பாத்திரம். அதில் ஒரே ஒரு பெட்டியில் பால்கோவா. பால் பொருள் என்பதால் ஏற்றுமதிச் சுகாதாரச் சான்றிதழ் வேண்டும், அதற்கென உள்ள சோதனைச் சாவடி வழியாகத்தான் உள்ளே போக வேண்டும். பட்டியலில் "இனிப்பு" என்று எழுதியிருந்ததை நான் ஆழ்ந்து பார்க்கவில்லை. ஆங்கிலக் கால்வாய்க்கு அக்கரையில் அந்தத் தட்டை மட்டும் நிறுத்தவில்லை, அது ஏறியிருந்த லாரியையே நிறுத்தினார்கள். அதில் வேறு ஏழெட்டுப் பேருடைய சரக்கும் இருந்தது. ஒரு குடம் பாலுக்கு ஒரு துளி விஷம் என்பார்கள். இங்கே ஒரு லாரி சரக்குக்கு ஒரு பெட்டி பால்கோவா.

ஒற்றைச் சந்தை, சுங்க ஒன்றியம், தடையற்ற வர்த்தக ஒப்பந்தம் – எல்லாம் ஒன்றுதானே?

மூன்றும் வேறு. அரசியல்வாதிகளே குழப்பிக்கொண்டதால் நீங்கள் வெட்கப்படத் தேவையில்லை.

தடையற்ற வர்த்தக ஒப்பந்தத்தில் இரு தரப்பும் ஒருவர் பொருளுக்கு ஒருவர் வரி போடுவதில்லை. மூன்றாம் நாட்டுப் பொருளுக்கு அவரவர் இஷ்டப்படி வரி போடலாம். சுங்க ஒன்றியத்தில் உள்ளே வரி இல்லை என்பதோடு வெளியாருக்கு எல்லோரும் ஒரே வரியைப் போட வேண்டும். ஆகவே தனியாகப் போய் அமெரிக்காவுடனோ இந்தியாவுடனோ வரிப் பேரம் பேச முடியாது. துருக்கி 1995 முடிவிலிருந்து இப்படி ஒன்றியத்தோடு இணைந்திருக்கிறது. ஆனால் ஒற்றைச் சந்தையில் இல்லை.

ஒற்றைச் சந்தை என்பது இன்னும் ஆழமானது. ஓரிடத்தில் விற்கத் தகுந்தது எல்லா இடத்திலும் விற்கத் தகுந்தது என்று ஒரே விதிப் புத்தகத்தை எல்லோரும் ஏற்றுக்கொள்வது. பொம்மையின் சாயத்திலிருந்து வங்கியின் உரிமம் வரை அதில் வரும். அந்தப் புத்தகத்துக்கு இறுதி விளக்கம் சொல்லும் நீதிமன்றம் லக்சம்பர்க்கில் இருக்கிறது. அப்போதைய பிரதமர் தெரேசா மே 2017 ஜனவரியில் ஆற்றிய உரையில் ஒற்றைச் சந்தையும் வேண்டாம், சுங்க ஒன்றியத்தில் முழு உறுப்பினராகவும் இருக்க மாட்டோம் என்று அறிவித்தார். பேச்சு தொடங்கும் முன்பே பாதிக் கதவுகளை அவரே சாத்திவிட்டார் என்பது என் எண்ணம்.

இந்தியாவிலிருந்து சேலை இறக்குமதி செய்து லண்டனில் விற்கிறேன். பாரிஸ் கடைகளுக்கும் அனுப்பலாமா?

தாராளமாக அனுப்பலாம். ஆனால் அங்கே வரி விழும்.

எனக்கு அதிகம் வரும் கேள்வி இது. பதிலைக் கேட்டதும் முகம் மாறும். சுழிய வரி பிரிட்டனில் "பிறந்த" பொருளுக்கு மட்டும். காஞ்சிபுரத்தில் நெய்த சேலை லண்டன் கிடங்கில் ஆறு மாதம் கிடந்தாலும், புதிய பெட்டியில் மடித்து வைத்து உங்கள் கடையின் முத்திரையை ஒட்டினாலும், அது இந்தியச் சேலைதான். மடிப்பதும் பொதி கட்டுவதும் பெயர் ஒட்டுவதும் உற்பத்தி ஆகாது என்று ஒப்பந்தமே சொல்கிறது. சேலையைத் தைத்து வேறு உடையாக்கினால் கணக்கு மாறலாம். அப்போதும் எந்தக் கட்டத்திலிருந்து பிரிட்டனில் வேலை நடந்தது என்று பார்ப்பார்கள்.

பெரிய கடைகளும் இதில் மாட்டின. மார்க்ஸ் அண்ட் ஸ்பென்சர் விற்கும் பன்றிமுக மிட்டாய் ஜெர்மனியில் தயாராவது. அது பிரிட்டனுக்கு வந்து, அங்கிருந்து அயர்லாந்துக் கடைக்குப் போனால் வரி கட்ட நேரும் என்று அந்த நிறுவனமே 2021 ஜனவரியில் சொன்னது. ஒன்றியத்தில் பிறந்த பொருள் ஒன்றியத்துக்கே திரும்புகிறது, ஆனாலும் அந்நியன்.

பிரிட்டனில் ஒரு வரி, பிரான்சில் ஒரு வரி என்று இரண்டு முறை கட்டுகிறவர்களைப் பார்க்கிறேன். பாரிஸுக்குப் போகும் பங்கு எவ்வளவு என்று முன்கூட்டியே தெரிந்தால், அதை வரி கட்டாமல் சரக்கு வைக்கும் சுங்கக் கிடங்கில் வைத்தோ, பிரிட்டனைக் கடந்து மட்டும் போகும் கடப்புச் சரக்காகவோ அனுப்பினால் பிரிட்டன் வரியைத் தவிர்க்கலாம். இல்லையென்றால் நேரடியாக இந்தியாவிலிருந்து பிரெஞ்சுத் துறைமுகத்துக்கே இறக்கிவிடுங்கள். என் வியாபாரத்துக்கு நானே குழி பறிக்கிறேன், ஆனால் அதுதான் மலிவு.

சரக்கைப் பற்றிப் பேசப் போன இடத்தில் ஆள் நடமாட்டம் ஏன் வந்தது?

1957 ரோம் உடன்படிக்கையிலிருந்தே பொருள், சேவை, மூலதனம், ஆள் என்ற நான்கும் ஒரே கட்டாக வருகின்றன. இத்தாலியின் தெற்கில் வேலையில்லை, ஜெர்மனியில் ஆள் இல்லை. ஜெர்மன் இயந்திரம் இத்தாலிக்குத் தடையின்றிப் போகலாம், இத்தாலியத் தொழிலாளி ஜெர்மனிக்குப் போகக் கூடாது என்றால் இத்தாலி எதற்குக் கையெழுத்துப் போடும்? அந்தப் பேரம்தான் அடித்தளம்.

2004 மே மாதம் போலந்து உள்ளிட்ட பத்து நாடுகள் சேர்ந்தபோது, புதியவர்களுக்கு உடனே வேலைக் கதவைத் திறந்தவை பிரிட்டன், அயர்லாந்து, ஸ்வீடன் மூன்றுதான். மற்ற நாடுகள் ஏழாண்டு வரை தள்ளிப்போடும் உரிமையைப் பயன்படுத்திக்கொண்டன. ஆண்டுக்கு 5,000 முதல் 13,000 பேர் வரை வரலாம் என்று பிரிட்டன் உள்துறைக்காகச் செய்த கணிப்பு சொன்னது. வந்தவர்கள் லட்சக்கணக்கில். அந்தக் கணிப்பு மற்ற பெரிய நாடுகளும் கதவைத் திறக்கும் என்று நம்பிப் போட்டது என்பதை யாரும் நினைவில் வைத்துக்கொள்ளவில்லை.

ஒன்று சொல்ல வேண்டும். இந்தச் சுதந்திரம் கட்டுப்பாடே இல்லாதது என்று பலர் நினைத்தார்கள். மூன்று மாதத்துக்கு மேல் தங்க வேண்டுமானால் வேலை, படிப்பு அல்லது சொந்தப் பணம் இருக்க வேண்டும் என்று 2004ஆம் ஆண்டு ஒன்றிய விதி சொல்கிறது. பெல்ஜியம் போன்ற நாடுகள் குடியிருப்போரைப் பதிவு செய்து அதை நடைமுறைப்படுத்தின. பிரிட்டனில் அப்படி ஒரு பதிவேடே இல்லை. கையில் இருந்த பூட்டைப் போடாமல் கதவையே பெயர்த்தார்கள்.

நார்வே, சுவிட்சர்லாந்து எல்லாம் வெளியே இருந்துகொண்டே வியாபாரம் செய்யவில்லையா?

செய்கின்றன, விலை கொடுத்து. நார்வேயும் ஐஸ்லாந்தும் 1994 முதல், லிச்சென்ஸ்டைன் 1995 முதல், ஐரோப்பியப் பொருளாதாரப் பகுதி என்ற ஏற்பாட்டின் வழியாக ஒற்றைச் சந்தைக்குள் இருக்கின்றன. பணம் கட்டுகிறார்கள், விதிகளை ஏற்கிறார்கள், ஆட்களை அனுமதிக்கிறார்கள். விதி செய்யும் மேசையில் வாக்கு இல்லை. சுமார் 40,000 பேர் வாழும் லிச்சென்ஸ்டைனுக்கு மட்டும் சின்ன நாடு என்று குடியேற்றத்துக்கு ஒரு வரம்பு கொடுத்தார்கள். அனுமதிகளில் ஒரு பகுதியை அங்கே குலுக்கல் போட்டு எடுக்கிறார்கள். "அவர்களுக்கு மட்டும் கொடுத்தீர்களே" என்று பிரிட்டனில் சிலர் கேட்டார்கள். ஆறரைக் கோடிப் பேருக்குக் குலுக்கல் நடத்த முடியுமா?

சுவிட்சர்லாந்தின் கதையைத்தான் பிரிட்டன் கவனமாகப் படித்திருக்க வேண்டும். 1992 டிசம்பரில் அந்த மக்கள் பொருளாதாரப் பகுதியில் சேர மறுத்தார்கள். பிறகு அரசு ஏழு ஒப்பந்தங்களைத் தனித்தனியாகப் பேசி 1999இல் கையெழுத்திட்டது. அவற்றில் ஒன்று ஆள் நடமாட்டம். ஒன்றியம் அதில் ஒரு நிபந்தனையைச் சேர்த்தது: ஏழில் ஒன்றை முறித்தால் ஏழும் முறியும். 2014 பிப்ரவரியில் 50.3 சதவீத வாக்குகளுடன் குடியேற்றத்துக்கு அளவு வைக்கச் சொல்லி மக்கள் தீர்ப்புக் கொடுத்தார்கள். புதிதாகச் சேர்ந்திருந்த குரோஷியாவுக்கு உடன்பாட்டை நீட்டிக்க சுவிஸ் அரசு தயங்கியதும், எராஸ்மஸ் மாணவர் திட்டத்திலிருந்து சுவிட்சர்லாந்தை ஒன்றியம் விலக்கி வைத்தது. கடைசியில் 2016 டிசம்பரில் சுவிஸ் நாடாளுமன்றம் அளவு எதுவும் வைக்காமல், உள்ளூர் வேலையற்றோருக்கு முதல் தகவல் தரும் ஏற்பாட்டோடு நிறுத்திக்கொண்டது. 2020 செப்டம்பரில் ஆள் நடமாட்ட ஒப்பந்தத்தை முறிக்கலாமா என்று கேட்டபோது 61.7 சதவீதம் பேர் வேண்டாம் என்றார்கள்.

கூழுக்கும் ஆசை, மீசைக்கும் ஆசை என்ற பேரத்தை சுவிட்சர்லாந்துக்கே கொடுக்காத ஒன்றியம், பிரிட்டனுக்குக் கொடுத்தால் மறுநாளே சுவிஸ் தலைநகர் பெர்னிலிருந்து தொலைபேசி வரும். ஒன்றியத்தின் சார்பில் பேச்சு நடத்திய மிஷெல் பார்னியே 2017 டிசம்பரில் ஒரு படிக்கட்டுப் படத்தைத் தலைவர்களுக்குக் காட்டினார். பிரிட்டன் விதித்துக்கொண்ட ஒவ்வொரு நிபந்தனைக்கும் ஒரு படி கீழே இறங்கிக்கொண்டே வந்தால், கனடா, தென்கொரியா நிற்கும் படியில் போய் நிற்கும். மூன்று ஆண்டு பேசி, சற்றேறக்குறைய அந்தப் படியிலேயே போய் நின்றார்கள்.

பேச்சுவார்த்தையில் பிரிட்டன் எங்கே கோட்டை விட்டது?

கடிகாரத்தில். ஒன்றிய உடன்படிக்கையில் விலகல் பற்றிய ஐம்பதாம் பிரிவின்படி கடிதம் கொடுத்த நாளிலிருந்து இரண்டே ஆண்டு. எல்லா உறுப்பு நாடுகளும் இணங்கி நீட்டித்தால் தவிர, ஒப்பந்தம் ஆனாலும் ஆகாவிட்டாலும் வெளியே. நேரம் விலகுகிறவருக்கு எதிராகவே ஓடும். தனக்கு என்ன வேண்டும் என்று மந்திரிசபைக்குள்ளேயே முடிவாகாமல் 2017 மார்ச் 29 அன்று மே கடிதத்தைக் கொடுத்தார். அடுத்து ஜூனில் தேர்தல் வைத்துப் பெரும்பான்மையையும் இழந்தார்.

இரண்டாவது, வரிசை. பாக்கிப் பணம், குடிமக்கள் உரிமை, அயர்லாந்து எல்லை, இந்த மூன்றும் முடிந்த பிறகே வர்த்தகம் என்றது ஒன்றியம். அந்த வரிசையை எதிர்த்துக் கோடை முழுக்கச் சண்டை போடுவேன் என்று சொல்லியிருந்தார் பிரிட்டன் தரப்பு மந்திரி டேவிட் டேவிஸ். 2017 ஜூன் 19, பேச்சின் முதல் நாளிலேயே ஒப்புக்கொண்டார். கையிலிருந்த துருப்புச் சீட்டுகளை முதலில் இறக்கிவிட்டு வெறுங்கையோடு வர்த்தகத்துக்கு வர வேண்டியதாயிற்று.

ஜெர்மன் கார் கம்பெனிகள் தங்கள் அரசை நெருக்கி நல்ல பேரம் வாங்கித் தருவார்கள் என்ற நம்பிக்கையும் இருந்தது. அவர்கள் பிரிட்டன் சந்தையைவிட ஒற்றைச் சந்தையின் கட்டுக்கோப்பே முக்கியம் என்றார்கள். பிரிட்டனின் ஏற்றுமதியில் நூற்றுக்கு நாற்பதுக்கு மேல் ஒன்றியத்துக்குப் போகிறது; ஒன்றிய நாடுகளுக்கோ பிரிட்டன் பல சந்தைகளில் ஒன்று.

மே கொண்டுவந்த விலகல் ஒப்பந்தம் 2019 ஜனவரி 15 அன்று 432க்கு 202 என்று நாடாளுமன்றத்தில் விழுந்தது. பிறகு வந்த பிரதமர் போரிஸ் ஜான்சனின் வர்த்தக ஒப்பந்தமோ 1,200 பக்கங்களுக்கு மேல். கிறிஸ்துமஸுக்கு முந்தைய நாள் முடிந்து, 30ஆம் தேதி ஒரே நாளில் நாடாளுமன்றத்தில் நிறைவேறி, ஜனவரி முதல் தேதி அமலுக்கு வந்தது. அந்த வாரம் நான் வீட்டில் சாப்பிட்டதாக நினைவில்லை.

வடக்கு அயர்லாந்தில் மட்டும் ஏன் தனி விதி?

அயர்லாந்து ஒன்றியத்தில் இருக்கும் தனி நாடு, வடக்கு அயர்லாந்து பிரிட்டனோடு சேர்ந்தது. இரண்டையும் பிரிக்கும் எல்லை சுமார் 500 கிலோமீட்டர், கடக்கும் இடங்கள் இருநூறுக்கு மேல். வடக்கு அயர்லாந்தின் வன்முறைக்கு முடிவு கட்டிய 1998 புனித வெள்ளி உடன்பாட்டுக்குப் பிறகு அங்கே சாவடி இல்லை. மீண்டும் வைத்தால் பழைய வன்முறை திரும்பும் என்று எல்லோரும் அஞ்சினார்கள். ஆனால் ஒருபுறம் ஒற்றைச் சந்தை, மறுபுறம் அதற்கு வெளியே என்றால் எங்காவது சோதனை நடந்தே ஆக வேண்டும். நிலத்தில் வேண்டாம் என்று கடலில் வைத்தார்கள்: பிரிட்டனிலிருந்து பெல்ஃபாஸ்டுக்குப் போகும் சரக்கைச் சோதிப்பது, அதாவது ஒரே நாட்டுக்குள் சுங்கம். 2023 பிப்ரவரியில் அப்போதைய பிரதமர் ரிஷி சுனக் பேசி முடித்த வின்ட்சர் ஏற்பாடு, வடக்கு அயர்லாந்திலேயே தங்கும் சரக்குக்குப் பச்சைத் தடம், அயர்லாந்துக்குப் போகக்கூடியதற்குச் சிவப்புத் தடம் என்று பிரித்துக் கொஞ்சம் தளர்த்தியது.

மீனுக்காக அவ்வளவு சண்டை ஏன்?

பிரிட்டன் கடலில் யார் மீன் பிடிப்பது என்பதுதான் சண்டை. பொருளாதாரத்தில் கடுகளவு, மானத்தில் மலையளவு. கிரீன்லாந்தும் 1985இல் ஐரோப்பியச் சமூகத்தை விட்டு விலகியது பெரும்பாலும் மீனுக்காகத்தான். பிரிட்டன் தன் மீன்களில் பெரும்பகுதியை விற்பதே ஒன்றிய நாடுகளுக்கு. பிடிக்கும் உரிமையைக் கேட்டவர்கள் விற்கும் வழியைப் பிறகுதான் நினைத்தார்கள். சுகாதாரச் சான்றிதழுக்குக் காத்திருக்கும்போது நண்டு செத்துப்போகும்.

பிரெஞ்சுக் குடியுரிமை வைத்திருக்கும் ஈழத் தமிழர்களின் நிலை என்ன?

பிரான்ஸ், நெதர்லாந்து, ஜெர்மனி, டென்மார்க் என்று அகதியாகப் போய்க் குடியுரிமை வாங்கிய பலர், பிள்ளைகளின் ஆங்கிலப் படிப்பையும் உறவுகளையும் கருதி 1990களின் பிற்பகுதியிலிருந்து பிரிட்டனுக்கு வந்தார்கள். அவர்கள் வந்த வழி இந்த ஆள் நடமாட்ட உரிமைதான். 2020 டிசம்பர் 31க்கு முன் இங்கே குடியிருந்தவர்கள் விண்ணப்பித்தால் தங்கும் உரிமை உண்டு: ஐந்தாண்டு தொடர்ந்து இருந்தவர்களுக்கு நிலையான தகுதி, குறைவானவர்களுக்கு முன்தகுதி. கடைசி நாள் 2021 ஜூன் 30. தவறவிட்டவர்கள் நியாயமான காரணம் காட்டி இன்னும் விண்ணப்பிக்கலாம், ஆனால் காரணத்தைக் கேட்கும் காது சிறுத்துவிட்டது. வழக்கறிஞரைப் பாருங்கள், என்னை நம்பாதீர்கள்.

போனது என்னவென்று ஒரு குடும்பக் கணக்கில் சொல்கிறேன். 2012 முதல் பிரிட்டிஷ் குடிமகன் ஒருவர் யாழ்ப்பாணத்திலிருந்து மனைவியை அழைக்க ஆண்டு வருமானம் 18,600 பவுண்டு காட்ட வேண்டியிருந்தது. பக்கத்து வீட்டில் பிரெஞ்சு பாஸ்போர்ட் வைத்திருந்தவர் வேலையில் இருந்தால் போதும், வருமான வரம்பு இல்லை. சொந்த நாட்டுக்காரனைவிட விருந்தாளிக்கு வசதி. பிரிட்டிஷ்காரர் அயர்லாந்திலோ ஜெர்மனியிலோ சில காலம் வேலை பார்த்துவிட்டு மனைவியோடு திரும்பினால் அவருக்கும் அதே வசதி கிடைக்கும் என்று, ஓர் இந்தியரின் வழக்கில் 1992இல் ஐரோப்பிய நீதிமன்றம் தீர்ப்பளித்திருந்தது. அந்த வழி 2022 மார்ச்சில் மூடியது. 2024 ஏப்ரலில் வருமான வரம்பு 29,000 பவுண்டாக ஏறியது. இப்போது புதிதாக வரும் பிரெஞ்சுக்காரருக்கும் அதே வரம்பு. சமத்துவம் வந்துவிட்டது, எல்லோருக்கும் கடினமாக.

பிரிட்டிஷ் பாஸ்போர்ட்டில் பாரிஸ் கல்யாணத்துக்குப் போகலாமா?

போகலாம், விசா வேண்டாம். எந்த 180 நாளை எடுத்தாலும், உள்ளெல்லைகளில் பாஸ்போர்ட் சோதனை இல்லாத ஐரோப்பிய நாடுகளின் கூட்டமான ஷெங்கன் பகுதியில் மொத்தம் 90 நாளுக்கு மேல் இருக்கக் கூடாது. பேரப்பிள்ளையைப் பார்க்க அடிக்கடி போகும் பாட்டிகள் கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். நுழையும் நாளில் பாஸ்போர்ட்டுக்குப் பத்து வயது ஆகியிருக்கக் கூடாது, திரும்பும் நாளுக்குப் பின் மூன்று மாதமாவது செல்லுபடியாக வேண்டும். 2018 செப்டம்பருக்கு முன் வாங்கிய பழைய பாஸ்போர்ட்டுகளில் கூடுதல் மாதங்களைச் சேர்த்துக் கொடுத்திருந்தார்கள். அதை நம்பி விமான நிலையத்தில் திரும்பியவர்கள் உண்டு. 2025 அக்டோபரிலிருந்து கைரேகையும் முகப்படமும் எடுக்கத் தொடங்கியிருக்கிறார்கள். அயர்லாந்துக்கு இவை எதுவும் இல்லை. அது ஒன்றியத்துக்கும் மூத்த, 1920களிலிருந்து வரும் தனி ஏற்பாடு.

கடைசியில் ஆள் வரத்தாவது குறைந்ததா?

ஐரோப்பாவிலிருந்து குறைந்தது. 2021 ஜனவரி முதல் போலந்துக்காரருக்கும் கோயம்புத்தூர்க்காரருக்கும் திறனுக்கும் சம்பளத்துக்கும் புள்ளி போட்டு விசா தரும் ஒரே முறை என்றானதும் இந்தியா, நைஜீரியா போன்ற நாடுகளிலிருந்து செவிலியர்களும் முதியோர் பராமரிப்பாளர்களும் மாணவர்களும் வந்தார்கள். 2023ஆம் ஆண்டு வாக்கில் நிகர வரவு ஆண்டுக்கு 9 லட்சத்தைத் தொட்டது. விலகுவதற்கு முன் இருந்ததைவிடப் பல மடங்கு. அதன் பிறகு சம்பள வரம்பை ஏற்றிக் குறைத்தார்கள். வர்த்தகத்தில் இழந்தது என்ன என்றால், பிரிட்டனின் பட்ஜெட் பொறுப்பு அலுவலகம் நீண்ட காலத்தில் உற்பத்தித் திறன் 4 சதவீதம் குறையும் என்று கணக்கிட்டிருக்கிறது.

இந்தியாவோடு போட்ட ஒப்பந்தம் பிரெக்ஸிட்டின் பலன்தானே?

தனியாகப் பேச முடிந்தது என்ற அளவில் ஆம். 2022 ஜனவரியில் தொடங்கி 2025 ஜூலை 24 அன்று கையெழுத்தானது. வேடிக்கை என்னவென்றால், ஐரோப்பாவோடு எந்தப் பேச்சைத் தவிர்க்க விலகினார்களோ அதே பேச்சு டெல்லியிலும் முதல் வரிசையில் வந்து உட்கார்ந்தது: எங்கள் ஆட்களுக்கு என்ன தருவீர்கள்? தற்காலிகமாக அனுப்பப்படும் ஊழியர்களுக்கு மூன்றாண்டு சமூகப் பாதுகாப்புச் சந்தா விலக்கு, சமையல்காரர், யோகா ஆசிரியர், சாஸ்திரிய இசைக் கலைஞர் என ஆண்டுக்கு 1,800 பேர் வரை வாய்ப்பு என்று முடிந்தது. மிருதங்கம் வாசிப்பவர்கள் கவனிக்க.

இப்போது மறுபடியும் பேசுகிறார்களாமே?

2025 மே 19 அன்று லண்டனில் அப்போதைய பிரிட்டன் பிரதமர் கியர் ஸ்டார்மரும் ஐரோப்பிய ஆணையத் தலைவர் உர்சுலா வான் டெர் லேயனும் சந்தித்தார்கள். உணவு, தாவர, கால்நடைச் சோதனைகளைப் பெரும்பாலும் நீக்கும் ஒப்பந்தம் பேசலாம், இளைஞர்கள் சில காலம் போய்வர ஓர் ஏற்பாடு செய்யலாம் என்று இணங்கினார்கள். ஒன்றியத்துப் படகுகள் பிரிட்டன் கடலில் மீன்பிடிக்கும் ஏற்பாடும் 2038 வரை நீண்டது. மூன்றும் ஒரே நாளில், ஒரே மேசையில். உணவுச் சோதனை போக வேண்டுமானால் அத்துறையில் ஒன்றியத்தின் விதி மாறும்போதெல்லாம் பிரிட்டனும் மாற்றிக்கொள்ள வேண்டும். விதிக்குப் பொருள் சொல்வது அதே லக்சம்பர்க் நீதிமன்றம். ஒற்றைச் சந்தையும் சுங்க ஒன்றியமும் வேண்டாம் என்பது மட்டும் மாறவில்லை.

அந்த ஒப்பந்தம் அமலுக்கு வரும் நாள்வரை, பாரிஸுக்குப் பால்கோவா அனுப்புகிறவர்கள் பட்டியலில் "இனிப்பு" என்று எழுதாதீர்கள். பால்கோவா என்றே எழுதுங்கள், தனிப் பெட்டியில் வையுங்கள், லாரியில் ஏற்றும் முன் எனக்குச் சொல்லுங்கள்.